வயிற்று வலியும் ஒரு சிடியும்

சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் எனக்கு வலது அடிவயிற்றில் சுருக்கென்று வலி. விடிந்ததும் மருத்துவமனைக்கு ஓடினேன். அழுத்திப் பார்த்த டாக்டர், "குடல்வாலாகத்தான் இருக்கும், இன்றைக்கே ஆபரேஷன் செய்துவிடலாம்" என்றார். மனைவி கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார். இன்னொரு டாக்டர்தான், "காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. எதற்கும் சி.டி. ஸ்கேன் பார்த்துவிடுவோம்" என்றார்.

ஸ்கேனில் குடல்வால் ஒழுங்காக இருந்தது. வந்திருந்தது எபிப்ளாயிக் அப்பெண்டஜைட்டிஸ். பெருங்குடலின் வெளிப்புறத்தில் சிறு சிறு கொழுப்புத் தொங்கல்கள் உண்டு. அவற்றில் ஒன்று முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் தடைபட்டால் இந்த வலி வரும். பெரும்பாலும் இடது பக்கம் வருமாம். எனக்கு வலது பக்கம் வந்து குழப்பிவிட்டது. ஆபரேஷன் இல்லை. வலி மாத்திரையிலேயே பத்து நாளில் சரியாகிவிட்டது.

வரும்போது ஒரு சிடி கொடுத்தார்கள். நம் கை சும்மா இருக்குமா? (லேப்டாப்பில் இப்போது சிடி டிரைவ் ஏது? பழைய யுஎஸ்பி டிரைவைத் தேடி எடுத்தேன்.) உள்ளே எக்ஸ்டென்ஷனே இல்லாத நூற்றுக்கணக்கான பைல்கள். டபுள் கிளிக் செய்தால், எந்த புரோகிராமில் திறப்பது என்று விண்டோஸ் நம்மையே கேட்கிறது. இவை டைகாம் பைல்கள். 1993 முதல் இந்தப் பெயரில் ஸ்கேன் கருவிகள் பயன்படுத்தும் பொது பார்மட் இது. சொந்த உபயோகத்திற்கு இலவசமான மைக்ரோடைகாம் சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்து, சிடியில் உள்ள டைகாம்டிர் பைலைத் திறந்தேன். மவுஸ் வீலை உருட்ட உருட்ட, என் வயிறு துண்டு துண்டாக நகர்ந்தது!

இதில் ரசிக்க வேண்டியது எண்கள்தான். ஒவ்வொரு பிக்சலும் ஹவுன்ஸ்பீல்ட் அளவில் ஓர் எண். தண்ணீர் 0, காற்று -1000, கொழுப்பு ஏறத்தாழ -100. இத்தனை ஆயிரம் அளவுகளையும் ஒரே சமயத்தில் காட்டினால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். எனவே வயிற்றுக்கு விண்டோ 400, லெவல் 40 என்று அமைக்கிறார்கள். அதாவது -160 முதல் 240 வரை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளையாக விரியும். அப்படி அமைத்ததும் குடலை ஒட்டி ஒரு சிறிய முட்டை வடிவம் தெரிந்தது. உள்ளே கொழுப்பின் கறுத்த சாம்பல், சுற்றிலும் வெள்ளை வளையம். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் கண்டேன். நாமே நோய் கண்டுபிடிக்க இறங்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒவ்வொரு பைலுக்குள்ளும் பதிந்திருக்கும். நண்பருக்கு அனுப்புமுன் அனானிமைஸ் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள்; மீண்டும் வலி வந்தால் டாக்டர் பழைய ஸ்கேனுடன் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார். நான் சிடியை ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்து வைத்துவிட்டேன்.