காணாமையும் இல்லாமையும்



ஒரு பெட்டியைத் திறக்கிறோம். நேற்று வைத்த பொருள் கண்ணில் படவில்லை. உடனே, "போயிற்று!" என்று கூவுகிறோம். ஒரு பொருள் இல்லாமை வேறு, அது நம் கண்ணுக்குக் காணாமை வேறு என்பதை அந்நேரத்தில் மறந்துவிடுகிறோம். கணினியைக் கையாளுவோர்க்கு இவ்வேறுபாடு மிகவும் இன்றியமையாதது. அதனை எனக்குக் கற்பித்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறி, அதன் வாயிலாக இன்றைய பொருளை விளக்க விரும்புகிறேன்.

2017ஆம் ஆண்டில் தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று, என் ஊராகிய மண்டைக்காட்டில் தங்கினேன். தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் 4 தாலுகாக்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததை நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். அந்நாளைக் கண்ட முதியோர் எங்கள் பக்கத்தில் அப்போதும் சிலர் இருந்தனர். கடற்கரையில் வலை இழுத்தவர், தென்னந்தோப்பில் உழைத்தவர், பழைய ஆசிரியர் எனப் 12 பேரை அணுகி, அவர்கள் கூறியவற்றை அவர்கள் குரலிலேயே பதிவு செய்தேன். பதிவுகள் யாவும் ஒரே பென் டிரைவில் இருந்தன. வேறு படி எடுத்து வைக்கவில்லை; அஃது என் பிழை. 2019ஆம் ஆண்டுக்குள் அவர்களுள் நால்வர் மறைந்துவிட்டனர்.

அவ்வாண்டில் ஒருநாள், சில பக்கங்களை அச்சிட்டுக்கொள்வதற்காக அந்தப் பென் டிரைவை ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். வீடு திரும்பிக் கணினியில் செருகியதும், வைரஸ் தடுப்பு நிரல் எதையோ கண்டு நீக்கியதாக அறிவித்தது. பென் டிரைவைத் திறந்தேன். வெறும் வெள்ளைச் சாளரம். கோப்புறை காலியாக உள்ளது என்னும் பொருள்பட ஒரு வரி. அவ்வளவுதான். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டியபோது, "பார்மட் செய்தால் சரியாகிவிடும்" என்றார். ஆம், பென் டிரைவ் சரியாகிவிடும். அந்த நால்வரின் குரல்? நான் பேசாமல் அதனைப் பையில் இட்டுக்கொண்டு திரும்பினேன்.

கோப்புறை என்பது யாது? கோப்புகளை உள்ளே அடக்கிய உறை என்று பெயர் நம்மை நினைக்கச் செய்கிறது. உண்மையில் அஃது ஒரு பதிவேடு. கோப்பின் பெயர், அளவு, நாள், அது சேமிப்பகத்தில் எங்கே தொடங்குகிறது என்னும் குறிப்பு ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். பென் டிரைவுகளில் பெரிதும் வழங்கும் பழைய முறையில் ஒரு பதிவின் அளவு 32 பைட்டுகள். அவற்றுள் ஒரு பைட்டு அடையாளங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 'படிக்க மட்டும்', 'மறைவானது', 'இயங்குதளத்துக்கு உரியது' என்பன போன்ற குறிகள் அதில் இடப்படும்.

இப்பதிவேட்டைப் படித்து நமக்குத் திரையில் காட்டுவது ஒரு தனி நிரல். விண்டோஸில் அதனை எக்ஸ்புளோரர் என்பர்; 1995ஆம் ஆண்டில் விண்டோஸ் 95 உடன் வந்தது. வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடும் ஆசிரியரைப் போன்றது அந்நிரல். அவர் ஒரு பெயரைக் கூப்பிடவில்லை என்பதனால் அந்த மாணவன் வகுப்பில் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது.

ஆகவே, கோப்புறை வெறுமையாகத் தோன்றினால் மூன்று இடங்களில் பழுதைத் தேடலாம். கூப்பிடுபவர் மயங்கியிருக்கலாம். சில பெயர்களைக் கூப்பிட வேண்டா என்று பதிவேட்டிலேயே குறி இடப்பட்டிருக்கலாம். அல்லது பதிவேட்டையே கரையான் அரித்திருக்கலாம். எங்கள் ஊர்ப் பகவதியம்மன் கோயிலில் புற்றே அம்மனாக வணங்கப்படுகிறது. ஆயினும் ஏட்டில் ஏறிய கரையானை எங்கள் ஊராரும் வணங்குவதில்லை.

இம்மூன்றில் எது என்று அறிவது எப்படி? முதலில், எதையும் மாற்றாமல் விடை தரும் கேள்வியைக் கேட்க வேண்டும். பென் டிரைவின் 'பண்புகள்' என்னும் பகுதியைத் திறந்து, எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று பார்த்தேன். 16 ஜிகாபைட்டில் 6 ஜிகாபைட்டுக்கு மேல் நிரம்பியிருந்தது. வெறும் பெட்டி இவ்வளவு கனக்குமா? குரல்கள் உள்ளேதான் இருந்தன!

மறைவான கோப்புகளைக் காட்டுமாறு எக்ஸ்புளோரரைப் பணித்தேன். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து வேண்டியது இரண்டாம் சாட்சி.

2011ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி ஒன்றை என் பழைய மாணவி ஒருத்தி பேணி வைத்திருந்தாள். அதில் விண்டோஸோடு, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. "சார், இதை லினக்ஸில் பார்ப்போமே" என்று கூறி, பென் டிரைவைச் செருகினாள். அடுத்த நொடியில் 12 பெயர்களும் வரிசையாகத் தோன்றின. மறைந்த ஆசிரியர் ஒருவரின் பதிவைத் திறந்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார். எனக்குப் பேச்சு எழவில்லை.

நடந்தது இதுதான். கடைக் கணினியிலிருந்து ஒட்டிக்கொண்ட தீநிரல், என் கோப்புறைகளுக்கு 'மறைவானது', 'இயங்குதளத்துக்கு உரியது' என்னும் இரு குறிகளையும் இட்டு, அவற்றின் இடத்தில் போலிக் குறுக்குவழிகளை வைத்திருந்தது. தடுப்பு நிரல் போலிகளை நீக்கிற்று, குறிகளை நீக்கவில்லை. மறைவானவற்றைக் காட்டு என்று மட்டும் பணித்தால், இரு குறியும் உடையவற்றை எக்ஸ்புளோரர் காட்டாது. இயங்குதளக் கோப்புகளைக் காட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். லினக்ஸோ அக்குறிகளைப் பொருட்படுத்தாமல் உள்ளதை உள்ளபடி காட்டிற்று.

முதலில் எல்லாவற்றையும் அம்மடிக்கணினியில் படி எடுத்தோம். அதன்பின், விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் 'அட்ரிப்' என்னும் கட்டளையால் இரு குறிகளையும் நீக்கினோம். லினக்ஸ் இல்லாதவர் அதே சாளரத்தில் 'டிர்' என்னும் கட்டளையோடு ஒரு சாய்கோடும் 'ஏ' என்னும் ஆங்கில எழுத்தும் சேர்த்துத் தந்தால், மறைந்துள்ள பெயர்களும் வெளிப்படும்.

மற்ற இரு பழுதுகளையும் சுருங்கக் கூறுவேன். எந்தக் கோப்புறையைத் திறந்தாலும் காட்சி வரவில்லையெனின், கூப்பிடுபவரே மயங்கினார் என்று கொள்ளலாம். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரை மறுதொடக்கம் செய்க. திரையின் அடிப்பட்டையும் ஒருகணம் மறைந்து தோன்றும். அதனையும் நடத்துவது அந்நிரலே ஆதலின் அஞ்ச வேண்டா. படங்கள் நிறைந்த ஒரு கோப்புறை மட்டும் திறவாமல் திணறினால், சிறு முன்காட்சிகளை ஆக்குவதில் அது சிக்கியிருக்கக்கூடும். காட்சி முறையைப் பெயர்ப்பட்டியலாக மாற்றிப் பார்க்க.

பெயர்கள் பொருளற்ற எழுத்துகளாகத் தோன்றினாலோ, 'பார்மட் செய்யவா?' என்று கணினியே கேட்டாலோ, பதிவேடு சிதைந்திருக்கலாம். அப்போது 'வேண்டா' என்று விடை கூறுக. அதில் புதிதாக ஒன்றும் எழுதாமல், படிக்கக் கூடியவற்றை முதலில் வேறிடத்தில் படி எடுத்துக்கொள்க. 'செக்டிஸ்க்' போன்ற பழுதுநீக்கிகள் பதிவேட்டைத் திருத்தி எழுதுவன. அவற்றின் முறை படியெடுப்புக்குப் பின்னரே. விரைவு முறைப் பார்மட் பழைய பதிவேட்டுக்கு மாற்றாக வெற்றேடு ஒன்றை வைத்துவிடும். முழு முறையோ, விண்டோஸ் விஸ்டா முதலாகச் சேமிப்பகம் முழுவதும் சுழியத்தை எழுதிவிடும்; அதன்பின் மீட்சி இல்லை.

இன்று அந்த 12 குரல்களும் மூன்று இடங்களில் படி எடுக்கப்பட்டுள்ளன. இளைஞர்களே, திரை வெறுமையாகும் நாள் உங்களுக்கும் ஒருமுறை வரும். அன்று முதலில் கையை அடக்குங்கள். கனத்தைப் பாருங்கள். வேறொரு சாட்சியைக் கேளுங்கள். படி எடுங்கள். திருத்துவது அதன் பிறகு. கண்ணுக்குக் காணவில்லை என்பதனால் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.