அழைத்தவர் போய்விட்டால் பிள்ளையின் கதி என்ன?

ஆளை நம்பிச் சேருவதா, இடத்தை நம்பிச் சேருவதா? பிள்ளையை மேல்படிப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலருக்கும் எழும் கேள்வி இது. அமெரிக்காவில் கூடைப்பந்தாடும் இளைஞர்களின் வீடுகளில், ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தக் கேள்வி பலருடைய தூக்கத்தைக் கெடுத்து விடுகிறது. காரணம், கல்லூரிப் பயிற்றுநர்கள் வேலை மாறும் காலம் அதுதான்.

அந்த நாட்டில் கல்லூரிக் கூடைப்பந்து சாதாரண விளையாட்டு அன்று. முதல் பிரிவில் மட்டும் 350க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஆண்கள் குழுக்களை வைத்திருக்கின்றன. நன்றாக ஆடும் பையனுக்குக் கல்லூரி உபகாரச் சம்பளம் தருகிறது. படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் அதில் அடங்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாசல். ஆனால் நெடுங்காலமாக ஒரு குழுவுக்கு 13 பேருக்கு மட்டுமே இந்த உதவி கிடைத்து வந்தது. 2025இல் விதி தளர்ந்த பிறகும் 15 இடங்களே.

இடம் குறைவு என்பதால், பையன் பள்ளியில் படிக்கும்போதே வேட்டை தொடங்கிவிடும். பயிற்றுநர் ஆட்டத்தை வந்து பார்ப்பார். வீட்டுக்கு வருவார். தாயோடும் தந்தையோடும் உட்கார்ந்து பேசுவார். "உங்கள் மகனை என் மகனைப் போல் பார்த்துக் கொள்வேன்" என்பார். பையனும் மனம் இளகிச் சம்மதம் சொல்வான். இந்த வாய்ச் சம்மதம் சட்டப்படி பையனையும் கட்டாது, கல்லூரியையும் கட்டாது. நவம்பர் மாதத்திலோ அடுத்த ஏப்ரலிலோ போடும் கையெழுத்துதான் கட்டும்.

1964 முதல் 2024 வரை இதற்கென ஒரு பத்திரம் இருந்தது. தேசிய விருப்பக் கடிதம் என்று அதற்குப் பெயர். கையெழுத்திடுவது கல்லூரியோடுதான், பயிற்றுநரோடு அன்று என்று அந்தப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. கையெழுத்திட்ட பையன் மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போனால், விடுவிப்புக் கிடைத்தாலன்றி ஓராண்டு ஆட முடியாது. ஆடும் காலத்திலும் ஓராண்டு குறையும். ஆனால் அவனை அழைத்த பயிற்றுநரோ, ஒப்பந்தத்தில் சொன்ன தொகையைக் கட்டிவிட்டு அடுத்த வாரமே வேறு கல்லூரியில் வேலைக்குச் சேரலாம். ஓர் ஆட்டம்கூட அவர் உட்கார வேண்டியதில்லை. சிறியவனுக்கு ஒரு சட்டம், பெரியவருக்கு ஒரு சட்டம்!

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியாத சங்கதி அன்று. "பையன் பள்ளி முடிக்கட்டும், ஆபீசில் வேலை போட்டுத் தருகிறேன்" என்று பழைய துரை வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகு, புதிய துரையிடம் போய் அதைக் கேட்க முடியுமா? அவருக்கு அந்தப் பேச்சே தெரியாது.

2009ஆம் ஆண்டு நடந்ததைப் பார்ப்போம். மெம்பிஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் ஜான் கேலிபாரி, கெண்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். மெம்பிஸுக்கு வருவதாகக் கையெழுத்திட்டிருந்த சேவியர் ஹென்றி, விடுவிப்புப் பெற்றுக் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். டிமார்கஸ் கசின்ஸ் என்ற மற்றோர் இளைஞர் முன்யோசனைக்காரர். அவர் முதலில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார். "பயிற்றுநர் போய்விட்டால் என்னை விட்டுவிட வேண்டும்" என்ற நிபந்தனையை எழுத்தில் கேட்டார். கல்லூரி மறுத்தது, அவரும் கையெழுத்திடவில்லை. பிறகு மெம்பிஸுக்கு வாய்ச் சம்மதம் மட்டும் கொடுத்தார். கேலிபாரி போனதும் யாரிடமும் விடுவிப்புக் கேட்காமல் அவரும் கெண்டக்கி போய்ச் சேர்ந்தார். 2010இல் தொழில்முறைக் குழுக்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஐந்தாவது ஆளாக எடுக்கப்பட்டார்.

கசின்ஸைப் போல எல்லாரும் செய்யலாமே என்று கேட்கலாம். முடியாது. அவர் நாடே தேடிய ஆட்டக்காரர். காத்திருக்கக் கல்லூரிகள் தயாராக இருந்தன. நடுத்தரத் திறமையுள்ள பையன் கையெழுத்திடத் தயங்கினால், அந்த இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். வலியவனிடம் மட்டுமே பேரம் பேசும் பலம் இருக்கிறது.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஏப்ரலில், அதே கேலிபாரி கெண்டக்கியை விட்டு ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார். கெண்டக்கியில் சேரவிருந்த பூகி ஃபிளாண்ட், கார்ட்டர் நாக்ஸ், பில்லி ரிச்மண்ட் மூவரும் அவர் பின்னாலேயே சென்றனர். கெண்டக்கி மாநிலத்துப் பிள்ளையான டிராவிஸ் பெரி மட்டும் சொந்த மாநிலத்துக் கல்லூரியிலேயே சேர்ந்தார். அந்த மாநிலப் பள்ளி ஆட்டங்களில் எவரும் எடுக்காத அளவு புள்ளி குவித்தவர் அவர். புதிய பயிற்றுநராக மார்க் போப் வந்தார். அவர் விட்டுவந்த பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் சேரவிருந்தவர் காலின் சாண்ட்லர். சமய ஊழியத்துக்காக வெளிநாடு போயிருந்த அவரும் போப்பைப் பின்பற்றிக் கெண்டக்கிக்கே வந்தார். ஒருவர் நாற்காலி மாறினால் எத்தனை பிள்ளைகளின் பாதை மாறுகிறது பாருங்கள்!

முடிவு என்ன? பயிற்றுநரை நம்பிப் போன ஃபிளாண்ட், 2025இல் புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இடத்தை நம்பி இருந்த பெரியும் அதே ஆண்டு மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். நாக்ஸும் ரிச்மண்டும் ஆர்கன்சாவிலேயே இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தனர். ஆகவே, ஆளைப் பின்பற்றினால் நல்லது, இடத்தில் நின்றால் நல்லது என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

இப்போது சட்டம் பிள்ளைகளுக்கு ஓரளவு இறங்கி வந்திருக்கிறது. 2021 முதல் ஒரு முறையும், 2024 முதல் படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் கல்லூரி மாறி உடனே ஆடலாம். 2025 முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கவும் அனுமதி உண்டு. ஆனால் கதவு இரண்டு பக்கமும் திறக்கிறது. புதிதாக வரும் பயிற்றுநர், தம் பழைய கல்லூரியிலிருந்து கைதேர்ந்த மூத்த ஆட்டக்காரர்களை உடனே அழைத்து வரலாம். உபகாரச் சம்பளம் கையில் இருந்தாலும், பள்ளியை விட்டு வந்த பதினெட்டு வயதுப் பையன் ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க நேரலாம். அவசரமாக இடம் மாறினால் படித்த பாடங்கள் அனைத்தையும் புதிய கல்லூரி கணக்கில் ஏற்றுக்கொள்ளும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விளையாட்டு கைவிட்டாலும் கைகொடுக்க வேண்டிய பட்டம் அங்கே தாமதமாகிறது.

ஆகவே, அந்த நாட்டுப் பெற்றோர் கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தப் பயிற்றுநர் நாளையே போய்விட்டால் என் பிள்ளை இந்தக் கல்லூரியில் படிக்க விரும்புவானா? அவன் விரும்பும் பாடம் இங்கே இருக்கிறதா? உதவி ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்குமா? சொன்ன வாக்குறுதிகளில் எத்தனை தாளில் இருக்கின்றன? பயிற்றுநர் போனால் விடுவிப்பு உண்டா?

நம் பிள்ளைகளில் அமெரிக்காவுக்குப் பந்தாடப் போகிறவர்கள் குறைவு. ஆனால் இனிய சொல்லோடு ஒருவர் வீட்டுக்கு வந்து, "என்னை நம்பி அனுப்புங்கள்" என்று கேட்பது எங்கும் நடப்பதுதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். மனமாரச் சொல்லியும் இருக்கலாம். ஆனால் அவர் போன மறுநாள், தாளில் எழுதியது மட்டுமே மேசைமேல் இருக்கும். அந்தத் தாளைப் பிள்ளையோடு உட்கார்ந்து, ஒரு முறைக்கு இரு முறை படித்துப் பாருங்கள். பேனாவைப் பிறகு எடுக்கலாம்.