ஸ்டீரியோ ஆம்பா, ஏவி ரிசீவரா: உங்க காசு எதுக்குப் போகுது?

வீட்டில் ரெண்டு ஸ்பீக்கர்தான், கேட்பதும் பெரும்பாலும் பாட்டுதான்னா ஸ்டீரியோ ஆம்ப் போதும். அதே விலை ரிசீவரில் உங்க காசு 7 சேனல், டீகோடர், எச்டிஎம்ஐ போர்டுன்னு பிரிஞ்சு போயிடும். பெட்டியில் 100 வாட்ஸ்னு போட்டிருப்பாங்க. பல மாடல்களில் அது 2 சேனல் மட்டும் ஓடும்போது அளந்த கணக்கு.

அடுத்தது ஆயுசு. 2013-ல் எச்டிஎம்ஐ 2.0 வந்தது, 2017-லயே 2.1. பழைய 2.0 ரிசீவர் வழியா 4கே 120 ஹெர்ட்ஸ் கேம் போகாது. ஸ்டீரியோ ஆம்புக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

வாரம் ரெண்டு படம் பார்க்கிற குடும்பமா? 5 ஸ்பீக்கர் வைக்க ஹால் இருந்தா ரிசீவரே வாங்குங்க. (வாடகை வீடுன்னா, சுவரில் ஆணி அடிக்க ஓனர் விடுவாரான்னு முதல்ல கேளுங்க!)

எதை வாங்கினாலும், கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ போட்டா வட்டி மேல 18% ஜிஎஸ்டி வரும். ஸ்டேட்மென்ட்டைப் பாருங்க.