பழைய இராணுவ லாரியும் வீட்டாரின் நலனும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்குச் சரக்குச் சுமந்த ஆறு சக்கர ஜி.எம்.சி. லாரிகள் 5 இலட்சத்திற்கும் மேலாகத் தயாராயின. 1944இல் பிரான்சில் போர்முனைக்கு எரிபொருளும் உணவும் பெரும்பாலும் இவற்றிலேயே சென்றன. இன்று அங்கெல்லாம் ஆர்வலர்கள் அவற்றை வாங்கி, வீட்டிலேயே புதுப்பிக்கின்றனர்.

துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவதே முதல் வேலை என எண்ணிவிடாதீர்கள். ஒரே மாஸ்டர் சிலிண்டர்தான் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கையும் இயக்குகிறது. ஓரிடத்தில் குழாய் வெடித்து எண்ணெய் வெளியேறினால், மொத்தப் பிரேக்கும் செயலிழக்கும். ஆகவே குழாய்களைச் சோதித்து மாற்றுவதே முதற்கடமை.

மற்றொன்று, எந்தப் பழைய வண்டியைப் பிரிப்போருக்கும் பொருந்தும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாசும், பெயிண்டில் ஈயமும் இருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றால் ஊதாமல், நனைத்துத் துடையுங்கள். வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். வண்டிக்கு உயிர் கொடுக்கப் போய், வீட்டாரின் நலனை இழக்கலாமா?