இரண்டு உதயம் கண்ட பிரயாணம்

பொத்துவிலிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் செல்வோருக்கு ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் கழிந்துவிடுகின்றது. கொழும்பிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கு ஒரு ஜெற் விமானம் நேரே பறக்குமாயின் அதற்கு ஏழு மணித்தியாலமளவே வேண்டும். முன்னையது முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். பின்னையது 5,700க்கும் அதிகம். தூரத்தை மட்டும் கொண்டு நேரத்தை நிர்ணயிக்க இயலாது என்பது இதனால் விளங்கும். ஆயினும் இதே சமுத்திரத்தைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் போதாதிருந்த காலமும் உண்டு.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவை இங்கிலாந்துடன் இணைத்த ஆகாய மார்க்கம் அத்துடன் அறுந்தது. ஏப்ரில் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் வீழ்ந்தன. அன்றே நமது மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கிற்று. அறுந்த தொடர்பை மீண்டும் இணைக்க, 1943இல் குவாண்டாஸ் நிறுவனத்தார் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த்தின் சுவான் நதிக்குமிடையே கற்றலினா என்னும் நீர்விமானங்களைப் பறக்கவிட்டனர்.

தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். வேகமோ மணிக்கு 200 அளவே. மாணவர்கள் வகுத்துப் பார்த்தால் 28 மணித்தியாலம் என விடை வரும். உண்மையில் காற்றின் போக்குக்கேற்ப அது 27 முதல் 33 வரை வேறுபட்டது. இடையில் எங்கும் இறங்குவதில்லை. ஆகவே, விமானம் சுமந்ததெல்லாம் பெரும்பாலும் எரிபொருளே. பிரயாணிகள் மூவர், தபால் 152 இறாத்தல். அதற்கு மேல் இடமில்லை!

எதிரியின் செவிக்கு எட்டாதிருக்க வானொலி மௌனம் சாதித்தது. இருளில் வழிகாட்டியவை நட்சத்திரங்களே. ஐந்து விமானங்களுக்கும் அவற்றின் பெயர்களையே சூட்டினர். ஸ்பைக்கா நமது சித்திரை, அன்ராறிஸ் கேட்டை, அல்ரெயர் திருவோணம், வேகா அபிஜித்து. றைகல் மட்டும் நம் நட்சத்திர வரிசைக்குப் புறம்பானது. அல்ரெயர், வேகா, றைகல் ஆகிய மூன்றும் அரபுச் சொற்களின் திரிபு என்பதை நம் கரையோர வாசகர்கள் அறிந்து மகிழ்வார்கள். அரபு நாட்டார் இட்ட பெயர்கள் நெடுங்காலத்தின் பின் இந்துசமுத்திரத்தின் மேல் விமானங்களாகப் பறந்தன!

ஒரே பிரயாணத்தில் இருமுறை சூரியோதயம் கண்டவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்ற பெயரில் பத்திரம் ஒன்று வழங்கப்பட்டது. வேடிக்கையான பத்திரந்தான். ஆனால் கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் அதைப் பெறுவோர் எவரும் கரை சேர்ந்திரார். 1945 யூலை வரை 271 தடவை கடந்தும் ஒரு விமானமேனும் தொலையவில்லை என்பதை நாம் வியக்காமல் இருக்க முடியுமா?

1944இல் லிபரேற்றர் விமானங்கள் இச்சேவையில் சேர்ந்தன. மேற்கு அவுஸ்திரேலியாவின் லேர்மன்ற் தளத்திலிருந்து இரத்மலானைக்கு அவை பதினேழு மணித்தியாலமளவில் வந்து சேர்ந்தன. கற்றலினாக்களோ அமெரிக்காவிடம் இரவலாகப் பெற்றவை. யுத்தம் முடிந்ததும், இரவல் ஒப்பந்தத்தின்படி அவற்றைக் கடலில் அமிழ்த்திவிட்டார்கள்.