உணவும் உடையும் தந்தோம், உள்ளத்தைக் கேட்டோமா?

ரமலான் பிறை தென்பட்டுவிட்டால் நம் யதீம்கானாக்களின் வாயிற்கதவு ஓய்வதில்லை. மதுரையின் காஜிமார் தெருவிலிருந்தும் தெற்குவாசலிலிருந்தும் நெல்பேட்டையிலிருந்தும் அரிசி மூட்டைகள் வரும், புத்தாடைகள் வரும், ஒரு நாள் ஸஹர் சாப்பாட்டை ஏற்றுக்கொள்ள நீ முந்தி நான் முந்தி என்று ஆள்கள் வருவார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஈகையில் நம் மக்கள் குறை வைத்ததில்லை. ஆனால் வாசகப் பெருமக்களே, பெருநாளுக்கு மறுநாள் அந்த விடுதியில் என்ன நடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மாமுவோ நன்னியோ வந்து அழைத்துப் போன பிள்ளைகள் போய்விட்டிருப்பார்கள். அழைத்துப் போக ஆளில்லாத பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று, காலிப் படுக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். இக்கட்டுரை அந்தப் பிள்ளையைப் பற்றியது.

சிறு குழந்தையின் துக்கம் அழுகையாக வெளிப்படும். தூக்கி அணைத்தால் தணியும். பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளையின் துக்கமோ வேறு வேடம் பூண்டு வருகிறது. நன்றாகப் படித்த பையன் திடீரெனப் புத்தகத்தைத் தொட மறுப்பான். வயிறாரச் சாப்பிட்டவன் தலையணைக்கு அடியில் ரொட்டியை ஒளித்து வைப்பான். வளர்ந்த பிள்ளை இரவில் படுக்கையை நனைத்துவிட்டு விடியுமுன் எழுந்து ரகசியமாகத் துவைக்கும். கதவு படாரென்று சாத்தும் ஓசைக்கு ஒருத்தி நடுங்குவாள். இன்னொருத்தி கையில் பிளேடால் கீறிக்கொண்டு முழுக்கைச் சட்டையால் மறைப்பாள். விடுதிக் காப்பாளர் இவற்றுக்கெல்லாம் ஒரே பெயர் வைத்திருப்பார்: திமிர்.

அது திமிரன்று. அத்தாவின் மரணத்தையோ, வீட்டில் நடந்த அடிதடியையோ, கைவிடப்பட்டதையோ கண்ட உடலுக்குள் ஓர் அபாய மணி ஒலிக்கத் தொடங்குகிறது. ஆபத்து நீங்கிய பின்னும் அது ஓய்வதில்லை. உறக்கமும் கவனமும் கோபமும் அந்த மணிக்கே கட்டுப்படுகின்றன. பிரம்பை எடுத்தால் மணி இன்னும் உரக்க ஒலிக்கும். பிரம்பை எடுப்பது சட்டப்படியும் குற்றம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், காப்பகத்தில் பிள்ளைகளை ஒழுங்குபடுத்துவதற்கென்று அடிப்பவருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் அபராதமும், மறுமுறை மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடம் தருகிறது.

அதே சட்டத்தின் கீழ் 2016இல் வந்த மாதிரி விதிகளில் நம் நிர்வாகிகள் அவசியம் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. காப்பகத்தில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் இரு வகை மனநல உதவி கட்டாயம் என்கிறது அது. ஒன்று, இல்லத்தின் சூழலையே மருந்தாக்குவது. அதாவது பிள்ளையின் திறமை கண்டறியப்பட்டு, தன் வாழ்வைப் பற்றித் தானே சிலவற்றைத் தீர்மானிக்கும் உரிமை அதற்குக் கிடைக்கும் இடமாக விடுதியை மாற்றுவது. மற்றொன்று, தனித்தனியே அளிக்கும் உளவியல் சிகிச்சை. தகுதி பெற்ற மனநல வல்லுநர் பரிசோதித்துக் கண்டறியாமல் எந்தப் பிள்ளைக்கும் மனநல மாத்திரை தரக் கூடாது என்றும் விதி உள்ளது. தமிழக அநாதை இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில் 2017 மே 5ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எல்லாக் காப்பகங்களும் அவ்வாண்டு முடிவதற்குள் பதிவு பெற வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுதப்பட வேண்டும் என்பன அதன் உத்தரவுகள். பதிவு என்றாலே அரசு நம் மார்க்கக் கல்வியில் கை வைக்கும் என்று அஞ்சிப் பின்வாங்குவோர் நம்மில் உண்டு. பதிவு செய்யாமல் நடத்துவதற்குத்தான் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ காத்திருக்கின்றன என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவோம்.

சூழல் மருந்தாகும் என்பதை நம்ப மறுப்போர் நாகப்பட்டினத்தைப் பார்க்கட்டும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக அங்கே அன்னை சத்யா அரசு குழந்தைகள் காப்பகம் திறக்கப்பட்டது. அப்போது மாவட்ட ஆட்சியராகப் பொறுப்பேற்ற ஜெ. ராதாகிருஷ்ணன் அங்கே அடிக்கடி சென்று வந்தார். பதவி மாறி வேறு ஊர்களுக்குப் போன பின்னும் அந்தத் தொடர்பை விடவில்லை. அங்கு வளர்ந்த பெண் ஒருவருக்கு 2022இல் திருமணம் நடந்தபோது குடும்பத்துப் பெரியவராக வந்து நின்றார். பதினேழு ஆண்டுகள், ஒரே முகம்! நம் விடுதிகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. காப்பாளர் சொற்பச் சம்பளத்தில் ஆறு மாதம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார். ஏற்கெனவே ஒருமுறை பிரிவைக் கண்ட பிள்ளைக்கு அது இன்னொரு மையத்து. கட்டடத்துக்கு மார்பிள் பதிக்கும் பணத்தில் காப்பாளர் சம்பளத்தை உயர்த்தினால் அதுவே முதல் சிகிச்சை என்பது இந்த எளியவனின் கருத்து.

அனஸ் (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். தந்தை இல்லாத பத்து வயதுச் சிறுவராக அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்துக்கு வந்து பத்தாண்டுகள் பணிபுரிந்தார். நாம் இன்று வளரிளம் பருவம் என்று அழைப்பது முழுவதும் அங்கேதான் கழிந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தம்மை நோக்கிச் 'சீ' என்று பெருமானார் சொன்னதில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கடிந்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே அறிவித்திருக்கிறார்.

இனித் தனிச் சிகிச்சைக்கு வருவோம். பிள்ளையைப் படுக்க வைத்து ஊசி போடுவதன்று அது. வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே அறையில், ஆற்றுப்படுத்துநர் ஒருவர் பிள்ளையோடு உட்காருகிறார். மூச்சை நிதானப்படுத்தவும், உள்ளே எழும் கோபத்துக்குப் பெயரிடவும் பழக்குகிறார். பேச விரும்பாத பிள்ளை படம் வரையும். தன் ஊர், தன் வீடு, அத்தா அம்மா முகம், யார் எப்போது தன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்ற விவரங்களை ஒரு குறிப்பேட்டில் சிறிது சிறிதாக எழுதி ஒட்டும். தன் கதையே தனக்குத் தெரியாமல் வளரும் பிள்ளைகள் நம் விடுதிகளில் எத்தனையோ! சொன்ன செய்தி வெளியே போகாது என்ற நம்பிக்கை இதில் உயிர்நாடி. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டுமே உரியவரிடம் அறிவிக்கப்படும். அதையும் முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

இத்தனைக்கும் மருத்துவர்களுக்கு எங்கே போவது என்பீர்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் பெற்றோரை இழந்த 640 சிறுவர் சிறுமியரிடம் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், சிகிச்சை அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற உள்ளூர் மக்களே. பன்னிரண்டு வாரக் குழு அமர்வுகளுக்குப் பின் நான்கு பகுதிகளில் மூன்றில் பிள்ளைகளின் வேதனை குறிப்பிடத்தக்க அளவு தணிந்தது. நம் நாட்டில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2020 முதல் 'சம்வாத்' என்ற அமைப்பின் வழியே காப்பகப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது. மதுரையிலேயே அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992இல் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. மேலூரிலோ சோழவந்தானிலோ விடுதி நடத்துபவருக்கு இவை ஒரு பேருந்துப் பயணத் தூரம்.

தூரம் மனத்தில்தான் இருக்கிறது. பிள்ளை இரவில் அலறினால் ஓதிப் பார்க்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம். துஆவை யாரும் தடுக்கவில்லை. ஆயினும் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் உட்பட 28 பேர் மாண்டதை நம் பகுதி மறந்துவிடலாகாது. அதே ஏர்வாடியில் பிற்காலத்தில் துஆவோடு மருந்தையும் சேர்த்து வழங்கும் ஏற்பாடு வந்தது. யதீம்கானாவுக்கும் அந்த வழியே பொருந்தும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. நம் விடுதிகளில் இருப்போரில் தாய் உயிரோடிருக்கும் பிள்ளைகள் உண்டு. வறுமைதான் அவர்களைக் கொண்டுவந்து விட்டது. காப்பகம் என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அண்ணலார் (ஸல்) அவர்களே பிறக்குமுன் தந்தையையும், ஆறு வயதில் அன்னை ஆமினாவையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்து, பெரிய தந்தை அபூதாலிபின் வீட்டில், சொந்தபந்தங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள். மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில், 2022 வழிகாட்டு நெறிகளின்படி, இத்தகைய பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். ஜமாஅத் அலுவலகத்தில் ஒருவர் அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தந்தால் ஒரு தாயும் மகனும் பிரியாமல் இருப்பார்கள்.

பருவமடைந்தபின் யதீம் நிலை இல்லை என்பது நபிமொழி. நாமோ மீசை அரும்பிய பிள்ளையையும் நன்கொடையாளர் முன் வரிசையில் நிறுத்தி, 'யதீம்' என்று பெயரிட்டுப் புகைப்படம் எடுக்கிறோம். அந்தப் படம் அவன் பள்ளித் தோழர்கள் கையிலும் போய்ச் சேர்கிறது. பதினெட்டு முடிந்த அன்றோ, பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அநாதைகள் பக்குவம் அடைகிறார்களா எனச் சோதித்தறிந்து பின்னரே அவர்கள் பொருளை ஒப்படைக்கும்படி நான்காம் அத்தியாயமான அன்னிஸாவில் இறைவன் கட்டளையிடுகிறான். நாட்டின் சட்டமும் இருபத்தொரு வயது வரை பிற்காப்புக்கு வழி வைத்திருக்கிறது. பதினாறு வயதிலேயே தொழில், வங்கிக் கணக்கு, தங்குமிடம் பற்றிப் பிள்ளையோடு பேசத் தொடங்கினால்தான் அந்த வழி பயன்படும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல ஆலோசனைக்கு, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அடுத்த முறை அரிசி மூட்டையோடு விடுதிக்குப் போகும்போது, இந்த இரண்டு எண்களும் பிள்ளைகளின் கண்ணில் படும் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா, அவர்கள் எடுத்துப் பேச அங்கே ஒரு தொலைபேசி இருக்கிறதா என்று பார்த்து வாருங்கள்.