ஒரே நிறப் பட்டில் பூ தெரிவது எப்படி?

கரையில் ஜரிகை இல்லை, உடலில் புட்டா இல்லை. முழுக்க அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. கடைக்காரர் மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் லேசாகச் சாய்க்கிறார். அதுவரை வெறுமையாகக் கிடந்த துணியில் கொடியும் பூவும் எழும்பி வருகின்றன. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் பூ மங்கிப்போய், பின்னணி மின்னத் தொடங்குகிறது. நீளவாக்கில் ஓடும் பாவும் அரக்கு, குறுக்கே ஓடும் ஊடையும் அதே அரக்கு. வேறு நிறத்தில் ஓர் இழைகூட அதில் கிடையாது. ஜவுளிக்கடைகளில் இந்த வகைக்கு ‘எம்போஸ்’ என்று பெயர். அச்சடித்ததோ அழுத்தி எடுத்ததோ அல்ல, தறியிலேயே நெய்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியும் அதை ஒட்டிய சேவூரும் பட்டு நெசவால் பிழைக்கும் ஊர்கள். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காஞ்சிபுரத்துச் சேலையின் கனத்தோடு ஒப்பிட்டால் ஆரணிச் சேலை இலேசானது என்பார்கள். அகலமான ஜரிகை இல்லாத இலேசான சேலையில் கண்ணை இழுக்க வேண்டிய பொறுப்பு நெசவின் மேலேயே விழுகிறது. அந்த நெசவு வெளிச்சத்தை எப்படி ஆள்கிறது என்பது நல்ல இயற்பியல் பாடம்.

முதலில் இழையைப் பார்ப்போம். ஒரு பட்டுக்கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு அறுபடாத ஒற்றை இழை இருக்கும். உள்ளே ஃபைப்ராயின் என்ற புரதத்தாலான இரண்டு நூல்கள், அவற்றை ஒட்டிப்பிடிக்கும் செரிசின் என்ற பசை. பசையை நீக்கிவிட்டு நுண்ணோக்கியில் குறுக்குவெட்டைப் பார்த்தால், நூல் வட்டமாக இல்லாமல் முனை மழுங்கிய முக்கோணமாகத் தெரியும். அதன் பக்கங்கள் வழவழப்பானவை. விழும் ஒளியைச் சிதறவிடாமல் ஒரு பக்கமாகத் திருப்பி அனுப்புகின்றன. பருத்தி இழையோ குட்டையானது. காய்ந்ததும் சுருண்டு முறுக்கிக்கொள்ளும். நூற்ற பிறகும் அதன் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்த ஒளி நாலா பக்கமும் சிதறுவதால் பருத்தித் துணி மின்னுவதில்லை.

இனி பூவுக்கு வருவோம். எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலைமுடியில் ஒரு பளபளப்புப் பட்டை தெரியும். தலையைத் திருப்பினால் அதுவும் நகரும். மெல்லிய உருளை வடிவப் பொருளில் பட்ட ஒளி, அந்த உருளை எந்தத் திசையில் படுத்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் திரும்பும். துணியில் பாவு நீளவாக்கிலும் ஊடை குறுக்காகவும் ஓடுகின்றன. ஒரு கோணத்தில் பாவு இழைகள் ஒளியைக் கண்ணுக்கு அனுப்பும்போது ஊடை இழைகள் அதை வேறெங்கோ அனுப்புகின்றன. சாதா நெசவில் இரண்டும் ஒன்றுவிட்டு ஒன்று மேலே வருவதால் இந்த வேறுபாடு கலந்து மறைந்துவிடும். ஆனால் பூ வரும் இடத்தில் மட்டும் பாவு இழை நாலைந்து ஊடைகளைத் தாண்டி மேலாகவே மிதந்து போய், சுற்றிலும் ஊடை மேலே நின்றால்? அங்கே பாவின் ஒளி, சுற்றிலும் ஊடையின் ஒளி. நிறம் ஒன்றாக இருந்தும் கண் எல்லையைக் கண்டுபிடித்துவிடுகிறது.

எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்பதை ஜக்கார்டு பெட்டியில் ஓடும் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கின்றன. பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் உருவாக்கிய ஏற்பாடு இது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும். இல்லாவிட்டால் இழை கீழேயே கிடக்கும். மிதக்கும் நீளம் கூடக் கூடப் பளபளப்பும் கூடும், ஆனால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும் ஆபத்தும் கூடும். நல்ல டிசைன் போடுபவரின் திறமை இந்த இரண்டுக்கும் நடுவே இடம் பார்ப்பதில் இருக்கிறது. இப்படி நெய்த துணியைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் பாவு மேலே நின்ற இடத்தில் பின்பக்கம் ஊடை நிற்கும். மின்னலும் மங்கலும் இடம் மாறியிருக்கும்.

‘மயில் கழுத்து’ நிறத்தின் மாயமும் இதே கணக்குதான். பாவு நீலம், ஊடை பச்சை என்று வைத்தால், நடக்கும்போது ஒரு கணம் நீலமும் மறுகணம் பச்சையும் முன்னே வரும்.

நெசவை மாற்றாமலே துணியின் தன்மையை மாற்றவும் வழி உண்டு. இழையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் பசைதான். அதை நீக்காமல் நெய்தால் விறைப்பாக, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் கோராப் பட்டு கிடைக்கும். சோப்பும் சோடாவும் சேர்த்து வேகவைத்துப் பசையை எடுத்தால் குழைவும் மினுமினுப்பும் வரும். பிறகு மிதமான அமில நீரில் அலசினால், கட்டி நடக்கும்போது கேட்கும் அந்தச் சரசரப்பு சேர்கிறது. நூலை மீட்டருக்கு 2,000 சுற்றுக்கு மேல் முறுக்கி நெய்து நனைத்தால், முறுக்கு தளரத் துடித்துத் துணியே பொடிப்பொடியாகச் சுருங்கும், அதுதான் கிரேப். இரண்டு புழுக்கள் சேர்ந்து கட்டிய இரட்டைக் கூட்டிலிருந்து எடுத்த நூல் சிக்கலும் முடிச்சுமாக வரும். அதில் நெய்த டூப்பியான் துணியில் ஆங்காங்கே தடித்த வரிகள் ஓடும். அந்தக் குறையே அதற்கு அழகு.

கண்ணுக்கு நிகராக விரலும் இதை அறிகிறது. துணி வாங்குபவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். சும்மா தொட்டுப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பெரிய மேடுபள்ளங்களை அசையாத விரலும் உணரும். மிக நுண்ணிய சொரசொரப்பை, விரல் நகரும்போது தோலில் எழும் அதிர்வு வழியாகவே நரம்புகள் படிக்கின்றன. ஸ்வீடனின் கேடிஹெச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட சோதனையில், சுமார் 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களைக்கூட மனித விரல் வழவழப்பான பரப்பிலிருந்து பிரித்தறிந்தது. பட்டு இழையின் தடிமனே அதைப்போல் பல நூறு மடங்கு.

உடுத்தும்போது இந்த அறிவு நேரடியாக உதவும். சேலை தைக்காத துணி. கொசுவத்தின் ஒவ்வொரு மடிப்பும், தோளில் விழும் முந்தானையும் ஒளிக்கு ஒரு புதுக் கோணத்தைக் காட்டும். அதனால் எம்போஸ் நெசவு, விரித்துப் போட்டதைவிட உடம்பில் கட்டியபோதுதான் முழுதாக உயிர்பெறுகிறது. அதற்கு மினுங்கும் ரவிக்கை போட்டால் இரண்டும் போட்டி போட்டுக்கொள்ளும். அதே நிறத்தில் மினுக்கமில்லாத கைத்தறிப் பருத்தியையோ வரிவரியான டூப்பியானையோ போட்டுப் பாருங்கள், சேலை தனித்துத் தெரியும். ஆண்களுக்கும் இதே விதிதான்: பட்டுச் சட்டைக்குக் கனமான பருத்தி வேட்டி பொருந்தும். பக்கவாட்டிலிருந்து வரும் சன்னல் வெளிச்சத்திலும் விளக்கொளியிலும் நெசவு நன்றாகத் தெரியும். நேர் எதிரே அடிக்கும் கேமரா ஃப்ளாஷில் தட்டையாகிப்போகும். புகைப்படத்தை மட்டும் பார்த்து இத்தகைய சேலையை ஒதுக்கிவிடுவது சரியல்ல.

ஆரணிப் பக்கம் சேலை எடுக்கப் போனால், ஜரிகைக் கனத்தைக் கேட்பதற்கு முன் ஒரே நிறத்தில் நெய்த எம்போஸ் சேலை ஒன்றைக் கேளுங்கள். கடைக்குள் எரியும் குழல்விளக்கின் அடியில் முடிவெடுக்காமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். விலையைப் பேசுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.